கடலோடிக்கு எதிரே கவிஞன்

ஜூன் 10 போர்ச்சுகல் நாட்டின் தேசிய நாள். அந்தத் தேதியில் அங்கே விடுதலை கிடைக்கவில்லை, புரட்சி வெல்லவில்லை, அரசமைப்புச் சட்டமும் பிறக்கவில்லை. 1580இல் அன்றைய தினம் லிஸ்பன் நகரில் லூயிஸ் தெ கமோயிஷ் என்ற கவிஞர் இறந்துபோனார். அதற்காக ஒரு நாடே விடுமுறை விட்டுக் கொடியேற்றுகிறது. அந்த நாளின் அதிகாரப்பூர்வமான பெயரில் போர்ச்சுகலுக்கும், உலகெங்கும் பரவி வாழும் போர்ச்சுகீசியச் சமூகங்களுக்கும் நடுவே கமோயிஷின் பெயர் நிற்கிறது. ஒரு கவிஞருக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்த ஊர் எப்படி இருக்கும், அந்த இடம் அவர் உயிரோடிருந்தபோதும் கிடைத்ததா என்று அறியும் ஆசைதான் என்னை லிஸ்பனுக்கு இழுத்துப் போனது.

லிஸ்பன் ஏறி இறங்கும் ஊர். நடைபாதையெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். தூறல் விழுந்தால் வழுக்கும். சரிவுகளில் முனகிக்கொண்டே ஏறிவரும் 28ஆம் எண் மஞ்சள் டிராமில் போனால் கமோயிஷ் சதுக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம். உயர்ந்த கல்பீடத்தின் மேல் வெண்கலத்தில் நிற்கிறார் மனிதர். ஒரு கையில் வாள். மற்றொரு கை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருக்கிறது. விக்டர் பாஸ்துஸ் என்ற சிற்பியின் படைப்பு, 1867இல் திறந்துவைக்கப்பட்டது. மேலே இருப்பவரை விட, பீடத்தைச் சுற்றி நிற்கும் எட்டுச் சிறிய சிலைகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்னாவ் லோபெஷ், ஜொவாவ் தெ பாருஷ் போன்ற வரலாற்றாசிரியர்கள், பேத்ரு நூனெஷ் என்ற கணித மேதை, கமோயிஷ் காலத்திலும் அதற்குப் பின்பும் காப்பியம் எழுதிய கவிஞர்கள். மன்னர் ஒருவர்கூட இல்லை. தலைநகரின் நட்டநடுவே, எழுதியவர்களுக்கென்றே ஒரு சதுக்கம்!

கொஞ்ச தூரம் நடந்தால் ஷியாடோ. அங்கே 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் சிலை. எதிரே பழைய காப்பிக் கடையின் வாசலில் பிற்காலக் கவிஞர் பெர்னாந்து பெஸ்ஸோவா வெண்கலத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் வெண்கல நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. அதே தெருவில் இறங்கினால் 1732இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் பெர்த்ரான் புத்தகக் கடை. கமோயிஷின் காப்பியத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பதிப்பில் வாங்கினேன். ஆங்கில மொழிபெயர்ப்பு ஏற்கெனவே என் பையில் இருந்தது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க நினைத்தேன். பில் போட்ட பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்து, “ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் எல்லாருமே இதைப் படிப்போம். முதல் செய்யுள் இன்னும் எனக்கு மனப்பாடம்” என்றார். சொல்லிக் காட்டவும் செய்தார். மெல்லிய குரல், பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்த எட்டு அடிகளில் எனக்குச் சட்டென்று பிடிபட்ட பெயர் தப்ரோபானா. கிரேக்கர்கள் நம் இலங்கைக்கு வைத்த பெயர். போர்ச்சுகீசியரின் தேசியக் காப்பியம் இலங்கையைத் தாண்டிச் சென்ற கப்பல்களைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

‘லுசியாதஸ்’ என்ற அந்தக் காப்பியம் 1572இல் லிஸ்பனில் அச்சானது. பத்துக் காண்டங்கள், 1102 எட்டடிச் செய்யுள்கள், 8816 அடிகள். அந்த ஆண்டு தேதியிட்ட பிரதிகளில் தலைப்புப் பக்கத்தின் மேலே ஒரு கூழைக்கடா இருக்கும். சில பிரதிகளில் அது இடப்பக்கம் பார்க்கும், சிலவற்றில் வலப்பக்கம். எது முதல் பதிப்பு என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அச்சிடும் முன் சமய விசாரணை மன்றத்தின் தணிக்கையாளர் பர்த்தலோமேவு பெரைரா என்ற துறவி இதைப் படித்தார். கதையில் புறச்சமயத் தெய்வங்களான வீனஸும் பாக்கஸும் வருகிறார்களே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. கவிதைக்கு அது அலங்காரம் என்று சொல்லி அனுமதித்தார். நல்ல வாசகர்!

கதை வாஸ்கோ ட காமாவின் முதற் பயணம். 1497 ஜூலையில் லிஸ்பனை அடுத்த பெலெம் கரையிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்து, திரும்பிய கதை. ஆனால் என்னை இந்தக் காப்பியத்தோடு கட்டிப்போட்டது கடல் இல்லை. காண்டங்கள் முடியும் இடத்தில் கமோயிஷ் கதையை நிறுத்திவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பிக்கிறார். அப்போது அவர் பேசுவது, ஒரு சமூகத்தில் கவிஞனுக்கு என்ன வேலை, அவனுக்கு அந்தச் சமூகம் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி.

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1524ஐ ஒட்டி, பெரிய செல்வமில்லாத பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் கமோயிஷ். வட ஆப்பிரிக்காவின் செயுத்தாவில் படைவீரராக இருந்தபோது வலக்கண் போயிற்று. 1552இல் லிஸ்பனில் திருவிழா ஊர்வலத்தன்று நடந்த தெருச்சண்டையில் அரண்மனைப் பணியாளர் ஒருவரை வாளால் காயப்படுத்திச் சிறைக்குப் போனார். மறு ஆண்டு மன்னிப்புப் பெற்று, சாதாரணச் சிப்பாயாக இந்தியாவுக்குக் கப்பலேறினார். பிறகு 17 ஆண்டுகள் ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. மேக்கோங் ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பல் உடைந்தபோது கைப்பிரதியோடு கரையேறினார். நனைந்துபோன அந்த ஏடுகளைப் பற்றிப் பத்தாம் காண்டத்தில் அவரே பாடியிருக்கிறார். ஊர் திரும்பும் வழியில் மொசாம்பிக்கில் பணமில்லாமல் மாட்டிக்கொண்டார். வரலாற்றாசிரியரான நண்பர் தியோகு து கோவ்து அங்கே அவரைப் பார்த்தபோது, கவிஞர் நண்பர்களின் தயவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் சேர்ந்து துணிமணி வாங்கிக் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். 1570இல் லிஸ்பனில் இறங்கியபோது அவர் கையில் இருந்த ஒரே சொத்து இந்தக் காப்பியம்தான்.

இப்போது ஐந்தாம் காண்டத்தின் முடிவைப் பாருங்கள். காமா மலிந்தி மன்னனிடம் தன் பயணத்தைச் சொல்லி முடிக்கிறான். எல்லாரும் வியந்து நிற்கும் அந்த நேரத்தில் கவிஞர் குறுக்கே வருகிறார். அலெக்சாந்தர் அக்கிலீஸின் வீரத்தைக் கண்டு அவ்வளவாகப் பொறாமைப்படவில்லை, அவனைப் பாட ஹோமர் வாய்த்ததைக் கண்டுதான் ஏங்கினான் என்கிறார். அகஸ்டஸ் வர்ஜிலை ஆதரித்தான், சீசர் ஒரு கையில் ஈட்டியும் மறு கையில் எழுதுகோலும் பிடித்தான் என்று அடுக்குகிறார். பெரிய தளபதிகள் எல்லாரும் கற்றவர்களாக இருந்தார்கள். போர்ச்சுகீசியர் மட்டும் விதிவிலக்கு, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறார். கலையை அறியாதவனால் கலையை மதிக்க முடியாது. ஆகவே இந்த மண்ணில் ஹோமரும் வர்ஜிலும் பிறக்கப்போவதில்லை. இதே வழக்கம் நீடித்தால் பாடத்தக்க வீரர்களும் பிறக்காமல் போவார்கள் என்று எச்சரிக்கிறார். இவ்வளவும் சொன்ன பிறகு, தன் காப்பியத் தலைவனையே பெயர் சொல்லி அழைக்கிறார். காமாவோ அவன் வம்சத்தாரோ கலைத்தெய்வங்களோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளவில்லை. நாட்டின் மேல் உள்ள அன்பினால்தான் அவை அவனைப் பாடுகின்றன, அவன் அவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். தலைவனைப் பாட வந்த கவிஞர், நீ எனக்குக் கடன்பட்டவன் என்று அந்தப் பாட்டுக்குள்ளேயே எழுதி வைக்கிறார்! நான் படித்த காப்பியங்கள் எதிலும் இந்தத் துணிவைக் கண்டதில்லை. புகழ் கொடுப்பவன் கவிஞன், வாங்கிக்கொள்பவன் வீரன் என்று கணக்கைத் தெளிவாகத் தீர்த்துவிடுகிறார்.

ஏழாம் காண்டத்தில் கப்பல் கோழிக்கோடு வந்துவிடுகிறது. அவ்வூர் மன்னர் சாமூதிரியின் அதிகாரி கப்பலுக்கு வந்து, அங்கே தொங்கும் திரைகளில் தீட்டிய ஓவியங்கள் யாருடையவை என்று காமாவின் அண்ணன் பாவ்லுவைக் கேட்கிறார். பதில் வருவதற்குள் கவிஞர் மறுபடியும் நிறுத்துகிறார். தேஜு, மொந்தேகு என்ற தன் நாட்டு ஆறுகளின் தேவதைகளைக் கூப்பிட்டுத் தன் பாடுகளைச் சொல்கிறார். ஒரு கையில் வாள், ஒரு கையில் எழுதுகோல், அந்நியர் வீட்டுத் திண்ணை, வறுமை, கப்பலுடைவு. யாரைப் பாடினேனோ அவர்களே, சூட்ட வேண்டிய மாலைக்குப் பதிலாகப் புதிய புதிய துன்பங்களைக் கண்டுபிடித்துத் தந்தார்கள் என்கிறார். இதைப் பார்த்த பிறகு எதிர்காலத்தில் எவனுக்கு எழுதத் தோன்றும் என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் அவர் அழுது ஓய்ந்திருந்தால் அது புலம்பலாகவே நின்றிருக்கும். ஆனால் அடுத்த செய்யுள்களில் அவர் ஒரு சபதம் எடுக்கிறார். தகுதியில்லாதவனை உயர்த்திப் பாட மாட்டேன். ஊர்நலத்துக்கும் மன்னருக்கும் மேலாகத் தன் லாபத்தை வைப்பவனைப் பாட மாட்டேன். பதவி ஆசையில் ஏறுபவனைப் பாட மாட்டேன். ஜனங்களுக்குப் பிடித்தமாதிரி முகத்தை மாற்றிக்கொண்டே இருப்பவனைப் பாட மாட்டேன். ஏழைகளைச் சுரண்டுபவனையும், மன்னரின் சட்டத்தைக் கறாராக அமல்படுத்திவிட்டு உழைப்பாளியின் வியர்வைக்கு மட்டும் உரிய கூலி கொடுக்காதவனையும் பாட மாட்டேன். 16ஆம் நூற்றாண்டில், அரசரின் அனுமதி பெற்று அச்சேறிய ஒரு புத்தகத்தில் இது இருக்கிறது. விடுதி அறையில் நள்ளிரவில் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கவிஞனுக்கு எதையும் கொடுக்காத சமூகத்திலும் அவனிடம் ஓர் அதிகாரம் மிச்சமிருக்கிறது. பாடாமல் இருந்துவிடும் அதிகாரம். அதைக் கமோயிஷ் நன்றாக அறிந்திருந்தார்.

எட்டாம் காண்டத்தில் பாவ்லு ஓவியங்களை விளக்கும்போதும் இதே கவலை எட்டிப்பார்க்கிறது. இன்னும் எத்தனையோ பேரைத் தீட்டியிருக்கலாம், ஆனால் தூரிகையும் வண்ணமும் இல்லாமல் போயிற்று, கலையை வளர்க்கும் மதிப்பும் பரிசும் ஆதரவும் இல்லை என்று ஒரு மாலுமியின் வாயால் சொல்ல வைக்கிறார்.

பத்தாம் காண்டத்தின் முடிவில் குரல் கம்மிவிடுகிறது. போதும் என்று கலைத்தெய்வத்திடம் சொல்கிறார். தொண்டை கட்டியது பாடியதால் ஆகவில்லை, காது கேளாத, மனம் இறுகிய கூட்டத்துக்கு முன் பாடுகிறேனே என்பதால் ஆயிற்று என்கிறார். பொருளாசையில் நாடு மூழ்கிக் கிடக்கிறது என்கிறார். உடனே இளம் மன்னர் செபஸ்தியான் பக்கம் திரும்புகிறார். நான் எளியவன், என்னை நீங்கள் கனவில்கூட அறியமாட்டீர்கள். ஆனாலும் எனக்குக் கல்வி உண்டு, நீண்ட அனுபவம் உண்டு, உங்களுக்காகப் போரிடக் கையும் உங்களைப் பாட மனமும் உண்டு என்று நிமிர்ந்து நின்று சொல்கிறார்.

மன்னருக்கு அப்போது வயது 18. 1572 ஜூலையில் அவர் பெயரால் கவிஞருக்கு ஆண்டுக்கு 15,000 ரெயிஷ் உதவித்தொகை எழுதப்பட்டது, மூன்று ஆண்டுகளுக்கு. நாள் கணக்கில் பார்த்தால் 41 ரெயிஷ். பிறகும் அது நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் கவிஞர் இறந்தது வறுமையில்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1578 ஆகஸ்டில், மொராக்கோவின் அல்காசர் கிபிரில் செபஸ்தியான் தன் படையோடு அழிந்தார். வாரிசு இல்லை. 1580இல் போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் கைக்குப் போயிற்று.

மறுநாள் 15ஆம் எண் டிராமில் பெலெம் போனேன். தேஜு அங்கே ஆறு மாதிரியே இல்லை, அகன்று கடலாகிவிடுகிறது. கரைக்கு எதிரே ஜெரோனிமோஸ் மடாலயம். மனுவேல் மன்னர் தொடங்கிய கட்டடம். கிழக்கிலிருந்து வந்த சரக்குகளுக்கு விதித்த வரியில் எழுந்தது. தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. மெலிந்து உயர்ந்த தூண்கள் உச்சியில் விரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பது, பாக்குத் தோப்புக்குள் நடப்பதுபோல் இருந்தது. தூண்களில் கயிறும் கொடியும் இலையுமாகச் செதுக்கல்.

ஆனால் நான் தேடி வந்தவை வாசலுக்குப் பக்கத்திலேயே, பாடகர் மாடத்தின் கீழ் அரையிருட்டில் இருந்தன. நுழையும்போது இடப்பக்கம் வாஸ்கோ ட காமா. வலப்பக்கம் கமோயிஷ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோஸ்தா மோத்தா செதுக்கிய கல்லறைகள். இரண்டு பேரும் மல்லாந்து படுத்து, மார்பின் மேல் கைகூப்பியிருக்கிறார்கள். காமாவின் கல்லில் கப்பலும் உலக உருண்டையும். கமோயிஷின் கல்லில் யாழும் எழுதுகோலும். தலையில் இலை மகுடம். நான் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன். ஒரே கல், ஒரே உயரம், ஒரே மரியாதை. இந்தியாவுக்கு வழி கண்டவனுக்கு நேர் எதிரே, அவனைப் பாடிய ஏழைக்குச் சரிசமமாக இடம்! என் கண் கலங்கிவிட்டது.

இந்த இடம் அவருக்குக் கிடைத்தது 1880இல், இறந்து 300 ஆண்டுகள் கழித்து. முதலில் அவரைப் புதைத்தது நகரில் இருந்த சாந்தா ஆனா தேவாலயத்தில். 1755 நிலநடுக்கம் அதையும் குலைத்துப் போட்டது. ஆகவே முந்நூறாம் ஆண்டு நினைவுவிழாவில் இங்கே கொண்டுவந்த எலும்புகள் அவருடையவைதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே தேவாலயத்தின் உட்புறத்தில் இன்னொரு கல்லறை, பளிங்கு யானைகள் தாங்குவது. அது செபஸ்தியான் மன்னருடையது. அதன் மேல் உள்ள லத்தீன் வாசகமே, கேள்விப்பட்டது உண்மையானால் இங்கே அவர் இருக்கிறார் என்ற பொருளில் தயங்கிப் பேசுகிறது. பாடியவரும் பாட்டைக் காணிக்கையாக ஏற்றவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்; இரண்டு கல்லறைகளிலும் சந்தேகம். அந்த அரசு அழிந்துவிட்டது. காப்பியத்தின் 1102 செய்யுள்களில் ஒன்றும் தொலையவில்லை.

தமிழருக்கு இந்தக் கட்டடத்தோடு இன்னொரு உறவும் உண்டு. கமோயிஷ் கோவாவில் சிப்பாயாக இருந்த 1554ஆம் ஆண்டில், லிஸ்பனில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சேறின. கிறிஸ்தவ வேத போதனைக்கான சிறு நூல். தமிழ் அச்சின் கதை தொடங்குவதே அதிலிருந்துதான். அதன் எஞ்சிய ஒரே பிரதி பெலெமில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. அந்த அருங்காட்சியகம் இருப்பது இதே மடாலயக் கட்டடத்தில். காப்பியத்திலும் நம் கரை வருகிறது. பத்தாம் காண்டத்தில் தேவதை காமாவுக்கு உலகத்தையே காட்டும்போது, குமரி முனையைத் தாண்டி மயிலாப்பூரில் நின்று தோமையரின் கதையை விரிவாகச் சொல்கிறாள். யானைகள் அசைக்க முடியாத பெருமரத்தை அவர் தன் இடுப்புக் கயிற்றைக் கட்டி இழுத்து வந்த கதை, நம் சாந்தோம் கரையில் இன்றும் சொல்லப்படுவது.

அதனாலேயே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காப்பியம் வெற்றி கொண்டவர்களின் காப்பியம். முஸ்லிம்களை அது பகைவர்களாகவே பார்க்கிறது. 1502இல் காமா தன் இரண்டாம் பயணத்தில், மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்தார். அந்தத் தீக்கு இந்தப் பாட்டில் இடமில்லை. நம் கரையில் நின்று படிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது.

ஆனால் நான்காம் காண்டத்தில் காமாவின் கப்பல்கள் புறப்படும்போது, இதே பெலெம் கரையில், ரெஸ்தேலு என்று அன்று பெயர் வழங்கிய இடத்தில், ஒரு கிழவர் நிற்கிறார். கரையிலிருந்தே உரக்கப் பேசுகிறார். புகழ் என்று பெயர் சூட்டிய வெறும் பேராசை இது, குடும்பங்களைக் குலைக்கும், நாட்டைக் காலியாக்கும், முதன்முதலில் கடலில் மரத்தை மிதக்கவிட்டவன் நாசமாகப் போகட்டும் என்று சபிக்கிறார். யாரும் அவருக்குப் பதில் சொல்வதில்லை. வீரத்தைப் பாட வந்த கவிஞர், அந்த வீரத்தைச் சபிக்கும் குரலையும் முழுதாகப் பாடிவிட்டு நகர்கிறார். அவர் அரண்மனைப் பாடகர் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று அந்தக் கரையில் 1960இல் எழுப்பிய 52 மீட்டர் உயர நினைவுச் சின்னம் நிற்கிறது. கப்பல் முகப்புப் போன்ற அதன் பக்கவாட்டில் கடலோடிகளோடு கமோயிஷும் கையில் கவிதை ஏட்டோடு இருக்கிறார். கிழவர் இல்லை. அதைக் கட்டிய சர்வாதிகார ஆட்சி ஜூன் 10ஐ இனத்தின் நாள் என்று அழைத்துக் கவிஞரைக் காலனிகளின் காவலராக்கப் பார்த்தது. 1974 புரட்சியில் அந்த ஆட்சி வீழ்ந்தது. 1978இல் நாளுக்கு இப்போதைய பெயர் வந்தது. ஏழாம் காண்டத்தைப் படித்தவர்களுக்கு அந்த ஆட்சியாளர்களைக் கமோயிஷ் எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார் என்பது தெரியும்.

சதுக்கம், கல்லறை, தேசிய நாள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் கொடுத்தவை. கவிஞனின் இடம் எது என்பதை 1572லேயே கமோயிஷ் தன் காப்பியத்துக்குள் எழுதிவிட்டார், வீரனுக்கு நேர் எதிரே, மன்னருக்கு முகம் கொடுத்து. பின்னால் வந்தவர்கள் செய்ததெல்லாம் அவர் குறித்த இடத்தில் கல்லை நட்டதுதான் என்பது என் எண்ணம். உதவித்தொகையின் கதை வேறு: அவர் இறந்த பிறகு அந்த 15,000 ரெயிஷில் ஒரு பகுதியை முதிய தாய் ஆனா தெ சாவுக்குக் கொடுக்க உத்தரவிட்டது, நாட்டை எடுத்துக்கொண்ட ஸ்பெயினின் பிலிப் மன்னர்.

லிஸ்பன் போகிறவர்கள் ஐந்தாம் காண்டத்தின் கடைசி ஒன்பது செய்யுள்களையும், ஏழாம் காண்டத்தின் முடிவையும் எந்த மொழிபெயர்ப்பிலாவது படித்துவிட்டு பெலெமுக்குப் போங்கள். முதலில் வலப்பக்கக் கல்லறைக்குப் போங்கள். திங்கட்கிழமைகளில் மடாலயம் திறப்பதில்லை.